இங்கே பேசியது இங்கேயே

அந்தக் கட்டடத்தில் நிறவெறியைப் பற்றி எல்லாரும் உட்கார்ந்து பேசலாம் என்று முடிவானதே ஜுரேமாவின் மகனால்தான். கால்பந்து ஆடிவிட்டு வியர்வையோடு வந்த யூரியைக் காவலாளி வோல்நே லிஃப்டிலிருந்து இழுத்து வெளியே தள்ளினான். "வேலைக்காரங்க லிஃப்ட் பின்னாடி இருக்குடா" என்றானாம், ஆறாவது மாடியில் சொந்த வீடு உள்ள கறுப்புப் பையனிடம். பல் உடைந்தது யூரிக்கு. போலீசுக்குப் போனதோ வோல்நே. பையன்தான் முதலில் கை வைத்தான் என்று புகார். வாசல் கேமரா அன்றைக்கென்று பார்த்துப் பழுதாம். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆர்லிந்து கூசாமல் சொன்னார். திங்கட்கிழமை சிறார் நீதிமன்றத்தில் விசாரணை. பார்த்தவர் ஒருவர் வந்து சொன்னால் போதும், பதினாறு வயதில் பையன் தலையில் வழக்கு ஏறாது. ஜுரேமா ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டாள். யாரும் எதையும் பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில் சனிக்கிழமை பேச்சு வட்டம். விருந்துக் கூடத்தில் இறைச்சி சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடத்த வந்த பெட்டினா, மாத்தே இலைநீர் ஊற்றிய சுரைக்குடுவையைத் தூக்கிக் காட்டினாள். போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் நாலு பேர் கூடினால் அது இல்லாமல் ஆகுமா? குடுவை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம்.

"இன்னொண்ணு. இங்க பேசினது இங்கேயே இருக்கணும். அப்பத்தான் மனசு திறக்கும்," என்றாள் பெட்டினா. எல்லாரும் தலையாட்டினார்கள். ஜுரேமாவும்தான்.

குடுவை சுற்றியது. ஒருவருக்குத் தன்னை வளர்த்த கறுப்பு ஆயா ஞாபகம் வந்தாள். ஆர்லிந்துவுக்குக் கொள்ளுப்பாட்டியே கறுப்பாம். இத்தனை வருஷம் அந்த அம்மாளை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ!  ஜுரேமா தன் முறை வந்தபோது மகனுக்கு நடந்ததைச் சொன்னாள். நாலைந்து பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அடுத்து குடுவை நாலாம் மாடி ஹெடியிடம் போனது. ஓய்வு பெற்ற ஆசிரியை. சின்ன வயதில் யூரிக்குக் கேக் வெட்டிக் கொடுத்தவள்.

"நான் பாத்தேன்," என்றாள் ஹெடி. "தபால் பெட்டிகிட்ட நின்னுட்டிருந்தேன். பிள்ளை கையக்கூட ஓங்கல. வோல்நேதான் அவன் தலையப் பிடிச்சுக் கதவுல மோதினான். பயத்துல எனக்கு வாய் வரல. ஜுரேமா வந்து கதவத் தட்டினப்பவும் வீட்டுக்குள்ள மூச்சு விடாம உக்காந்திருந்தேன்."

யாரோ கைதட்டினார்கள். பெட்டினா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "இதுக்குப் பேருதான் தைரியம்!" ஜுரேமாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஓடிப்போய் ஹெடியின் கையைப் பிடித்தாள்.

"டீச்சரம்மா, இதையே திங்கக்கிழமை ஜட்ஜுகிட்ட சொல்லிடுங்க. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

ஹெடி கையை உருவிக்கொண்டாள். "கோர்ட்டுக்கா? மனசு பாரம் இறங்கட்டுமேன்னு இங்க சொன்னேன் கண்ணு."

"உங்களுக்கு இறங்கிடுச்சு. என் பையனுக்கு?"

"ஜுரேமா, குடுவை உங்ககிட்ட இல்ல," என்றாள் பெட்டினா பதமாக. "இங்க பேசினத வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு நீங்களும்தானே ஒத்துக்கிட்டீங்க? அவங்க நம்பிக்கைய உடைக்கலாமா?"

"என் பிள்ளை பல்ல உடைச்சாங்களே, அதுக்கு என்ன விதி வச்சிருக்கீங்க?"

"பாத்தீங்களா, இப்பத்தான் எல்லாரும் நெருங்கி வந்தோம். அதுக்குள்ள சண்டை," என்று ஆர்லிந்து சலித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா சொல்லலேன்னா போகட்டும். அவங்க சொன்னதை இங்க எல்லாரும் கேட்டீங்கல்ல? யாராவது ஒருத்தர் வாங்க."

"நாங்க எதையும் கேக்கலையேம்மா," என்றார் ஆர்லிந்து. "விதி விதிதானே."

ஹெடி விசும்பினாள். சற்றுமுன் ஜுரேமாவுக்காக மூக்கைச் சிந்தியவர்கள் எழுந்து போய் ஹெடியைத் தேற்றினார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஜுரேமாவிடம் யாரும் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் யூரி எழுந்து வந்தான்.

"யாராவது பாத்தாங்களாம்மா?"

"பாத்தாங்கடா," என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. யாரும் பார்க்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.