ஆளுக்கொரு பூட்டு

எழுமலை பால் சொசைட்டி வாசலில் நின்றபோது அப்துல் அலீமுக்கு வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணி பிழிவது போலிருந்தது. காலையில் சாப்பிட்ட இட்லி மீது பழியைப் போடப் பார்த்தார். பாவம், இட்லி நிரபராதி. பயத்துக்குக் காரணம் பக்கத்திலேயே சட்டையை இன் பண்ணிக்கொண்டு நின்றது: வாடிப்பட்டி அழகுராஜா.

இருவருக்கும் ஒரே தொழில். ஊற்றும் பாலின் லிட்டரையும் கொழுப்பையும் தட்டினால் சீட்டு துப்பும் கையடக்க மெஷின் செய்து விற்பது. அலீமின் பட்டறை மதுரைக்குள் ஒரு சந்தில். “பாய் மெஷின் மழை பேஞ்சா தும்மும்” என்று அழகு ஊர் ஊராகச் சொன்னான். “அவன் மெஷினைக் குலுக்குனாத்தான் கூட்டல் வரும்” என்று இவர் சொன்னார். இரண்டுமே உண்மை என்பதுதான் சங்கடம்.

இப்போது சொசைட்டிகளெல்லாம் ஒன்றுசேர்ந்து கறாராகச் சொல்லிவிட்டன. எந்த மெஷினானாலும் கணக்கு ஒயர் இல்லாமல் மெயிலாகத் தலைமை ஆபீசுக்குப் போக வேண்டும். எழுமலையில் சோதனை, போனால் ஆர்டர்; போகாவிட்டால் வடக்கத்திக் கம்பெனி தயாராக இருக்கிறது. அழகுக்குச் சிக்னல் பிடிக்கும் சிம் பலகை செய்யத் தெரியும். மெயில் புரோகிராம் எழுத வராது. அலீமுக்குப் புரோகிராம் வரும். அவர் தொட்டால் சிக்னல் செத்துவிடும். வேறு வழியில்லாமல் கைகுலுக்கினார்கள். அவன் பலகை இவர் மெஷினுக்குள், இவர் புரோகிராம் அவன் மெஷினுக்குள்.

அன்றோடு அலீமின் தூக்கம் போயிற்று. ஆர்டர் வந்ததும் அழகு தன்னைக் கழற்றிவிட்டால்? பட்டறையில் சாலிடர் பிடிக்கும் பெண்களுக்கு என்ன பதில் சொல்வது? “கடைசியா ஒரு தடவ பாத்துத் தாரேன் தம்பி” என்று அழகின் மெஷினை வாங்கி, மெயில் புரோகிராமுக்குள் ஒரு பூட்டு வைத்தார். அவருக்கு மட்டும் தெரிந்த நாலு எண்களை அமுக்கும்வரை மெயில் நகராது. சோதனையன்று தன் மெஷினில் மெயில் போனதைப் பார்த்தபிறகு, “இங்கிட்டுக் கொடு” என்று வாங்கித் திறந்துவிடலாம். சாமர்த்தியம் தாங்காமல் மனைவி பக்ருன்னிசாவிடம் சொன்னார்.

“நம்ம மெஷினை அவுக வாங்கிட்டுப் போகலையா?” என்றாள் அவள்.

“போனான். அவனும் கடைசியா ஒரு தடவ பாக்கணும்னு...”

வாயிலிருந்த சோறு அங்கேயே நின்றுவிட்டது.

சொசைட்டிச் செயலாளர் செல்லத்தாய் இரண்டு மெஷின்களையும் மேசையில் வைத்தாள். “எங்க வீட்டுல நிலம் பிரிக்கைல, கோடு போட்டது மூத்தவரு, எந்தப் பங்குன்னு எடுத்தது இளையவரு. அப்பத்தான் கோடு நேரா விழுகும். பாய், நீங்க தம்பி மெஷினைப் பிடிங்க. தம்பி, நீ பாயோடதைப் பிடி. கை மாத்தக் கூடாது.”

“அக்கா, என் மெஷினைப் பத்தி பாய்க்கு என்ன தெரியும்?” என்றான் அழகு.

“தெரியாமலா ஊர் ஊராக் குத்தம் சொல்லுறாரு?”

பால்கேனோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அலீமும் சிரித்து வைத்தார். பல் மட்டும்தான் சிரித்தது.

இருவரும் கணக்கைத் தட்டி அனுப்பினார்கள். இரண்டு மெயிலும் போகவில்லை. சோதனைக்காக மெயில் வந்து விழ வேண்டிய செல்லத்தாயின் போன் மேசையில் ஊமையாகக் கிடந்தது. அவனும் தன் சிம் பலகையைப் பூட்டியிருக்கிறான்! அலீம் கணக்குப் போட்டுப் பார்த்தார். எதிராளி மெஷினின் சாவி தன் கையில். தன் மெஷினின் சாவி எதிராளி கையில். முதலில் திறப்பவன் அடுத்தவனை ஜெயிக்க வைக்கிறான். அவன் திறக்காமல் நின்றுவிட்டால் தன் பட்டறைக்கு இன்றே ஷட்டர்.

“பால் திரிஞ்சிரும்த்தா, சீக்கிரம்” என்றது ஒரு குரல்.

“இன்னுங் கொஞ்சம் பாப்போம். இல்லேன்னா வடக்கத்தியானுக்குப் போன் போட்டுருவேன்” என்றாள் செல்லத்தாய்.

அலீம் ஓரக்கண்ணால் அழகைப் பார்த்தார். இன் பண்ணிய சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ‘இவனுக்குமா?’ அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. நாலு எண்களையும் அமுக்கினார். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓடத் தெம்பில்லாதவன் செய்கிற காரியம் அது.

போன் மணியடித்தது. “தம்பியோடது வந்திருச்சு! பாயோடது?”

அழகு அசையவில்லை. சும்மா நின்றாலே போதும், எல்லா ஆர்டரும் அவனுக்குத்தான்.

“இப்ப என்னத்த அமுக்குனீங்க?” அழகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

பொய் சொல்ல வாய் எடுத்தார். உண்மைதான் வந்தது. “பூட்டு வச்சிருந்தேன் மாப்ள. தொறந்துட்டேன்.”

அழகு அவரையே பார்த்தான். பிறகு திரும்பி நின்று மெஷினை அமுக்கினான். அமுக்கினான், அமுக்கிக்கொண்டே இருந்தான். போன் இரண்டாம் தடவை மணியடித்தது.

“நாலு நம்பரோட விட்டுட்டீங்களேண்ணே” என்றான், முகத்தைத் துடைத்தபடி. “நான் ஆறு வச்சேன். உங்க மேல அம்புட்டுப் பயம்.”

செல்லத்தாய் இருவருக்கும் சரிபாதி ஆர்டர் என்று அறிவித்துவிட்டுப் பால் அளக்கப் போனாள். சொசைட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேரும் அவரவர் பூட்டை அழித்தார்கள். ஒருவர் விரலை ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

“வேற எதுவும் இருக்கா?” என்று கேட்டார் அலீம்.

“இல்லண்ணே. உங்ககிட்ட?”

“சத்தியமா இல்ல.”

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் சொன்ன குரல் அவருக்கே பொய்போலக் கேட்டது. அழகு தலையாட்டினான். அவன் நம்பித்தான் ஆட்டினானா என்ற பயம், மதுரைக்குத் திரும்பும் வழியில் உசிலம்பட்டி தாண்டியும் அலீமை விடவில்லை.