பிரிண்டரின் இடது தோள்

மனித குலம் செய்யும் காரியங்களில் எண்பத்து மூன்று சதவீதம் காரணமே இல்லாதவை. அவற்றை மட்டும் நிறுத்திவிட்டால் மொத்த உலகமும் மதியச் சாப்பாட்டோடு அன்றைய வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு, கூட்டு ஆய்வு மையத்தின் இரண்டாவது மாடியில், கால் ஆடும் மேசை ஒன்றின் பின்னால் உட்கார்ந்திருந்த வணிகத்துறை ஆராய்ச்சி மாணவனிடம் இருந்தது. பொறுப்பை அவனிடம் யாரும் கொடுக்கவில்லை. அவனாகவே எடுத்துக்கொண்டான்.

எதைச் சொன்னாலும் ஒரு கணக்கோடு சொல்லுவான் என்பதால் அவனுக்குச் சதவீதம் என்று பெயர் விழுந்துவிட்டது. "எழுபது சதவீதம் பசிக்குது" என்பான். மீதி முப்பது என்ன செய்கிறது என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பான். அவனுடைய ஆய்வுத் தலைப்பு, 'அலுவலகங்களில் வீணாகும் அசைவுகள்'. ஐந்து வருடமாக அலுவலகம் அலுவலகமாகப் போய் ஓரமாக நின்று, யார் எத்தனை முறை பேனாவைத் திறந்து மூடுகிறார், யார் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிறார் என்று குறித்து வந்தவன். ஒரு இடத்தில் திருடன் என்று நினைத்துப் பிடித்து உட்கார வைத்தார்கள். அதையும் குறித்துக்கொண்டான்: பிடித்தது தேவையான அசைவு, அதற்கு முன் கையை முறுக்கியது வீண்.

கூட்டு ஆய்வு மையம் என்பது கேட்க நன்றாக இருக்கும். வணிகம், வேளாண்மை, கல்வியியல், சமயவியல் என்று துறைகள் நான்கு, கட்டடம்தான் ஒன்று. துறைகள் கலந்தால் அறிவு பெருகும் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். ஆகவே நான்கு துறைக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே மின்விசிறி, ஒரே பிரிண்டர்.

அறையின் ஜன்னலோர மூலை வேளாண்மைக்காரனுடையது. மண்ணில் குத்தி ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பான். மண் கிடைக்காத நேரத்தில் பன், துண்டு, தலையணை எதிலும் குத்திப் பார்ப்பான். அவன் பெயர் ஈரப்பதம். எதிர் மூலையில் கல்வியியல் டீச்சர். பல வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு விடுப்பெடுத்து ஆராய்ச்சிக்கு வந்தவர். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திவிட்டு, நாம் முடிக்கும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கதவோரம் சமயவியல்காரர். காப்பீட்டு அலுவலக வேலையை நடு வயதில் உதறிவிட்டு, சடங்குகள் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய வந்தவர். எல்லாருக்கும் சித்தப்பா.

பிரிண்டர் அறை பக்கத்திலேயே இருந்தது. வெளியே அச்சடித்த ஆய்வேடுகளில் ஓரம் விட்டதில் குளறுபடி என்று சொல்லி, இந்த ஒரு பிரிண்டரில் எடுத்த பிரதியை மட்டும்தான் அலுவலகம் வாங்கும். அதனால் அந்த இயந்திரத்துக்கு ஒரு துணைவேந்தருக்கு உண்டான மரியாதை கிடைத்து வந்தது. முதலில் வெறுந்தாள் ஒன்றை உள்ளே விட வேண்டும், அது பிரிண்டருக்கு. பிறகு அதன் இடது பக்கத்தில், தோள் மாதிரி வளைந்திருக்கும் இடத்தில், இரண்டு தட்டு. அதன் காதில் 'கடைசி தேதி' என்ற சொல் விழக்கூடாது. 'அந்த நாள்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"இது பிரிண்டரா, தொட்டில்ல கிடக்கற குழந்தையா?" என்று கேட்டான் சதவீதம். அப்போதுதான் டீச்சர் தன் நான்காம் அத்தியாயத்துக்காக இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்திருந்தார்.

"தட்டலைன்னா தாள் சிக்கும்ப்பா."

"தட்டாம எடுத்துப் பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? தட்டினாத்தான் வருதே. ஒருத்தர் செய்யறதைப் பார்த்து இன்னொருத்தர் செய்யறது. இதுக்குப் பேரு பார்த்துக் கற்கும்...?"

"நடத்தை" என்றான் ஈரப்பதம், மாணவனாகவே பிறந்தவன் போல. பிறகு தன் பங்குக்கு, "ஆனா மச்சான், விஷயம் நடத்தையில இல்ல. தாள் கட்டு வச்சிருக்கற சுவரு வேர்க்குது. மேல் தாள் ஈரத்தை இழுத்துக்கும். குத்திப் பார்த்தேன்" என்றான்.

"தாளைக் குத்துனா சிக்காம என்ன செய்யும்?" என்றான் சதவீதம்.

சித்தப்பா மெதுவாகச் சொன்னார். "இந்தத் தட்டற பழக்கம் எப்ப வந்ததுன்னு விசாரிச்சேன்ப்பா. எல்லாரும் 'அந்தக் காலத்துலேருந்தே இருக்கு'ங்கறாங்க. பிரிண்டர் வாங்கியே நாலு வருஷம்தான் ஆச்சு."

"முட்டாள்தனத்துக்கு வயசு கேட்டுட்டிருக்கீங்க" என்றான் சதவீதம். "இன்னியிலேருந்து நான் தட்டாம எடுக்கறேன். வெறுந்தாளும் கிடையாது. அது காதுபடக் கடைசி தேதி கடைசி தேதின்னு சொல்லிக்கிட்டே எடுக்கறேன். முடிவை நோட்டீஸ் போர்டுல ஒட்டறேன்."

வீறாப்புக்குக் காரணம் இருந்தது. அவனுக்கும் ஒரு கடைசி தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை தயாராக இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதோடு திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம். வேலை ஆறு மாதம் காத்திருக்காது.

அத்தானும் காத்திருக்க மாட்டார். சதவீதம் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அதாவது, அக்கா வீட்டு சோபாவில். அத்தான் தங்கமான மனிதர். மைத்துனன் படிக்கிறானே, தூங்குகிறானே என்று ஐந்து வருடமாகச் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து டிவி பார்த்து, உதட்டசைவை வைத்தே செய்தி சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

"ரசீது வந்தா வீட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டாள் அக்கா. "வரலைன்னா சோபாவை நீயே தூக்கிட்டு எங்கயாவது போயிடு. அது உன் உடம்பு மாதிரியே ஆயிடுச்சு. வேற யாரும் உட்கார முடியல."

சோதனை ஆரம்பமானது. வெயில் காய்ந்த நாட்கள். சதவீதம் தினமும் தன் அத்தியாயங்களை எடுத்தான். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிரிண்டரின் தலையில் வைத்துக்கொண்டான். தட்டவில்லை, வெறுந்தாள் விடவில்லை, 'கடைசி தேதி' என்பதை ராகம் போட்டுச் சொன்னான். ஒரு தாள்கூடச் சிக்கவில்லை. முடிவைப் பெரிய எழுத்தில் எழுதி, அத்தாட்சிக்குப் பிரிண்டர் ஓடும் படம் ஒன்றையும் சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினான்: 'தட்டு: பூஜ்யம். சிக்கல்: பூஜ்யம்.'

கூட்டம் கூடிப் படித்தது. படித்தவர்கள் எல்லாரும் ஆராய்ச்சி மாணவர்கள், அங்கேதான் வினை. எழுத்தைவிட அத்தாட்சியை நம்பப் பழகியவர்கள். படத்தை உற்றுப் பார்த்தார்கள். படத்தில் பிரிண்டரின் தலைமேல் ஒரு கைக்கடிகாரம் இருந்தது.

மறுநாள் டீச்சர் பிரிண்டர் அறைக்குள் நுழைந்து வெறுந்தாளை விட்டார், இரண்டு தட்டு தட்டினார், பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிரிண்டரின் தலையில் வைத்தார்.

"டீச்சர், என்ன பண்றீங்க?"

"நீங்க பண்ணினதுதான்."

"நான் நேரம் பார்க்க வச்சேன். தட்டறதை விடுங்கன்னுதானே ஒட்டினேன்?"

"அதை எதுக்கு விடணும்? அதுபாட்டுக்கு அதுவும் இருக்கட்டுமே" என்றார் டீச்சர்.

அந்த வாரத்துக்குள் பிரிண்டரின் தலை கைக்கடிகாரக் கடை மாதிரி ஆனது. கடிகாரம் கட்டாதவர்கள் இரவல் வாங்கி வந்தார்கள். வேளாண்மையில் ஒருத்தி வீட்டிலிருந்து அலாரம் கடிகாரத்தையே தூக்கி வந்தாள். அது நடு அத்தியாயத்தில் அடித்தது. படத்தில் கடிகாரத்தின் முகம் சுவரைப் பார்த்து இருந்ததால் சுவரைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றும் ஒரு கட்சி கிளம்பியது. ஈரப்பதம், கடிகாரத்தின் கனம் மூடியை அழுத்துவதால் ஈரக்காற்று உள்ளே போகவில்லை என்று புதிதாக ஒரு விளக்கம் சொல்லி, சாட்சிக்குக் கடிகாரப் பட்டையில் குத்திக் காட்டினான்.

சதவீதம் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் தலையிட்ட பிறகு அந்த அறையில் வீண் அசைவுகள் அறுபது சதவீதம் கூடியிருந்தன.

அன்று மாலை சித்தப்பா இரண்டு டீயோடு வந்து அவன் மேசையருகே உட்கார்ந்தார். மேசை ஆடியது. "தம்பி, ஒரு பேட்டி கொடுப்பியா?"

"என்னத்துக்கு சித்தப்பா?"

"சடங்கு பிறக்கற இடம் தேடி ஊரு ஊரா அலைஞ்சிருக்கேன். போற இடமெல்லாம் எனக்கு முன்னாடியே அது பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்து உட்கார்ந்திருக்கு. இது ஒண்ணுதான்ப்பா என் கண்ணு முன்னாடி பிறந்தது. நீதான் ஸ்தாபகர்."

"நான் ஸ்தாபகர் இல்ல. எதிர்க்கட்சி."

"முக்காவாசி ஸ்தாபகருங்க அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க."

"என் பேரைப் போட்டீங்கன்னா நான் துறைத் தலைவர்கிட்டப் போவேன்."

"பேர் போட மாட்டேன். ஆய்வு நெறிமுறை இருக்கு. 'கடிகாரத்தை முதலில் வைத்தவர்'னு போடறேன்."

சதவீதம் டீயைத் தொடவில்லை. சித்தப்பா போன பிறகு ஆறியதைக் குடித்தான்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. சோபாவிலிருந்து எழுந்தவனை அக்கா மேலும் கீழும் பார்த்தாள். "கடிகாரம் எங்கடா?"

"பையில. இன்னிக்கு அதைக் கட்டப் போறதில்ல. எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கு."

"கொள்கையை ஒரு ஓரமா வச்சுட்டு ரசீதைக் கொண்டா."

ஆய்வேடு முழுவதையும் புதிதாக எடுக்க வேண்டும். மதியம் பிரிண்டர் முன்னால் நின்றான். முதல் மூன்று அத்தியாயங்கள் பழம் நழுவுவது போல வந்தன. பின்னால் நின்ற டீச்சரையும் ஈரப்பதத்தையும் ஒரு பார்வை பார்த்தான். நான்காவது அத்தியாயத்தின் பெரிய அட்டவணை வந்தபோது உள்ளே எலும்பு முறிந்த மாதிரி ஒரு சத்தம். தாள் பாதியில் நின்றது. இழுத்தான், கிழிந்து வந்தது. மறுபடி விட்டான், அதே பக்கத்தில் அதே சத்தம். வேறு கட்டுத் தாள் வைத்தான். திறந்து மூடினான். அணைத்துப் போட்டான். ஒவ்வொரு முறையும் அந்த அட்டவணை, 'தேவையற்ற தட்டுதல்கள், தடவுதல்கள்' என்ற தலைப்போடு, மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது.

"நான் சொன்னேனே, சுவரு வேர்க்குதுன்னு" என்றான் ஈரப்பதம்.

"சுவரை நான் என்னடா பண்ணட்டும்? விசிறி விடவா?"

"ரெண்டு தட்டு தட்டுங்களேன்" என்றார் டீச்சர். "யாருக்கு என்ன நஷ்டம்? தட்டினா கை என்ன தேஞ்சா...?"

யாரும் முடிக்கவில்லை. மணி நாலேகால். அலுவலகக் கண்காணிப்பாளர் எஃகு அளவுகோலோடு ஓரம் அளக்கத் தயாராக உட்கார்ந்திருப்பார். ஐந்து அடித்ததும் அளவுகோல் பெட்டிக்குள் போய்விடும். சதவீதத்தின் நெற்றியில் வேர்த்திருந்தது. ஈரப்பதம் கருவியை நீட்டப் போனான். முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டான்.

"தட்ட மாட்டேன்" என்றான் சதவீதம். குரல் நாற்பது சதவீதம்தான் வந்தது.

மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்தார். "வாங்க எல்லாரும், வராந்தாவுல நிப்போம். ஆளு பார்க்க நின்னா அவன் செய்ய மாட்டான்."

"உங்க அத்தியாயத்துக்கு நீங்க பார்க்க வேணாமா சித்தப்பா?" என்று கேட்டான் ஈரப்பதம்.

"வேணும்தான். அவனுக்கு ரசீது வேணுமே." எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டு போய், கதவை அவரே சாத்தினார்.

சதவீதம் தனியாக நின்றான். அறையின் நான்கு மூலைகளையும் பார்த்தான், கேமரா இல்லை. இது சடங்கு அல்ல என்று தனக்குத்தானே எடுத்துச் சொன்னான், ஒப்பீட்டுச் சோதனை. தட்டாமல் எடுத்த முடிவு கையில் இருக்கிறது, தட்டி எடுத்த முடிவும் வேண்டாமா? அறிவியல் அப்படித்தானே நடக்கிறது? வெறுந்தாளை விட்டான். பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பிரிண்டரின் தலையில் வைத்தான். சற்று யோசித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். பிறகு இடது தோளில் இரண்டு தட்டு.

அட்டவணை முழுதாக வந்தது. அதன் பின்னால் ஐந்தாவது, ஆறாவது அத்தியாயங்களும் வந்தன.

கதவைத் திறந்துகொண்டு ஓடியவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்காணிப்பாளர் பக்கம் பக்கமாக ஓரத்தை அளந்தார். எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பினார். அது வீண் அசைவு என்று சதவீதம் சொல்லவில்லை. ஐந்தடிக்க மூச்சு விடும் நேரம் இருக்கையில் முத்திரை விழுந்தது.

அக்காவுக்குப் போன் போட்டான். "ரசீது வந்துடுச்சுக்கா."

அந்தப் பக்கம் டிவி திடீரென்று முழுச் சத்தத்தில் அலறியது.

கீழே நண்பர்கள் டீக்கடையில் காத்திருந்தார்கள். போகும் வழியில்தான் கடிகாரத்தைப் பிரிண்டரின் தலையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி இரண்டு மாடி ஏறினான். பிரிண்டர் அறையில் யாரும் இல்லை. வெளியே மழை விட்டிருந்தது. பிரிண்டரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசல்வரை வந்தான்.

நின்றான். வராந்தாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். அச்சடிக்க அவனிடம் இனி ஒரு பக்கம்கூடக் கிடையாது. உள்ளே போய், அதன் இடது தோளில் சத்தமில்லாமல் இரண்டு முறை தட்டிவிட்டு வந்து கதவைச் சாத்தினான்.