பன்னிரண்டில் அறுந்த மூச்சு

1997இல் அம்சா இரண்டாம் முறையாக வானொலிப் பாடகர் தேர்வில் தோற்றாள். குரல் நன்றாக இருக்கிறது, மூச்சுதான் போதவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். செங்கல்பட்டில் தொலைபேசி ஆபரேட்டராக வேலை பார்த்த அவள், அதன்பிறகு தயிரை விட்டாள், ஐஸ் தண்ணீரை விட்டாள். தினமும் விடிகாலையில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு மேல் ஷட்ஜத்தைப் பிடித்தாள். பதினாறு எண்ணும்வரை ஸ்வரம் நிற்க வேண்டும். ஆறு மாதமாகியும் பன்னிரண்டில் அறுந்தது.

காற்றாவது மாறட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் ஜெயக்குமார் அவளைத் தன் வேனில் திருவிடந்தைக் கடற்கரைக்கு அழைத்துப் போனான். அங்கும் பன்னிரண்டுதான். அம்சா சலித்துப்போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத," என்றான் அவன். "மூச்சு இழுக்கசொல்ல இன்னாத்துக்குத் தோளத் தூக்கற?"

"பாட்டப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"பாட்டு தெரியாது. தோளு ஏறுறது தெரியுது."

அவளை எழுப்பி நிறுத்தி, பின்னாலிருந்து இரு தோள்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். இழுத்த மூச்சு வேறு வழியில்லாமல் அடிவயிற்றுக்கு இறங்கியது. அவள் பாட, அவன் எண்ணினான். பதினான்கு வரை போயிற்று.

"ரெண்டு ஏறிச்சே," என்றான்.

அம்சாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு நாளாவது கண்ணாடி முன்னால் நின்று பாடியிருந்தால் தனக்கே தெரிந்திருக்குமே என்று எரிச்சலில் கண் கலங்கியது.

"கைய எடுக்காத," என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூச்சை இழுத்தாள்.