நாற்பத்தொன்று

ஏழாயிரம்பண்ணையில் பஸ் எப்போது வரும் என்று கேட்டால் ‘நாப்பத்தொண்ணு’ என்பார்கள். தெரியாது என்று பொருள். டீக்கடை கமாலுதீன் பாயும் சொல்வார், கோயில் பூசாரியும் சொல்வார்.

வக்கீல் சீனிவாசகம் ஐயா கிறிஸ்தவரானபின் சந்தையில் நின்று எல்லா மதத்தாரோடும் வாதாடியவர். செத்து முப்பது வருஷமாகிறது. அவர் எழுதிய கேள்வி பதில் புத்தகத்தை எங்கள் சபையில் எண் எண்ணாக ஒப்பிப்போம். 41: பிள்ளையை தேவ ஊழியத்துக்கு அனுப்பலாமா? ‘எனக்குத் தெரியவில்லை. அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுங்கள்.’ எதற்கும் பதில் வைத்திருந்தவர் இதற்குப் போய்க் கைவிரித்ததில் ஊருக்கே சிரிப்பு.

14: குற்றமில்லாதவர் ஏன் சாகிறார்கள்? ‘தோட்டக்காரர் தமக்கு வேண்டிய பூவைப் பறிப்பார். தடுக்காதீர்கள்.’ இதற்கு யாரும் சிரித்ததில்லை.

என் அக்கா சுகிர்தா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கையில் வெந்து செத்தாள். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் பதினோரு பேர். என்னைப் பட்டதாரி ஆக்கியது அவள் கைதான். பெட்டியை இறக்கும்போது அம்மா குருவம்மாள் பதினாலாம் பதிலைச் சொன்னாள். அழவில்லை. நாற்பது நாளாகியும் அழவில்லை. கஞ்சி இறங்கவில்லை, கண் மட்டும் காய்ந்து கிடந்தது. அந்தப் பூவைப் பிய்த்தெறிய வேண்டும்போல் இருந்தது எனக்கு.

நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டைப் அடிக்கிறேன். அந்த நாட்களில்தான், 2006 காலண்டர் சீசனுக்கு முன்னால், ஐயாவின் புத்தகம் மறுபதிப்புக்கு வந்தது. கூடவே ஐயா கைப்பட எழுதிய நோட்டும் வந்தது. அதில் பதினாலுக்கு நேரே, ‘எனக்குத் தெரியவில்லை. அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுங்கள்.’ பூ இருந்தது நாற்பத்தொன்றில். அந்தக் காலத்தில் எவனோ அச்செழுத்துக் கோக்கையில் 14ஐ 41 ஆக்கி, இரண்டு பதிலையும் இடம் மாற்றிவிட்டான். அதை நம்பி ஒரு ஊரே அழாமல் பிள்ளைகளைப் புதைத்திருக்கிறது.

நோட்டை எங்கள் சபை உபதேசியார் ராஜபாண்டியனிடம் காட்டினேன். இரண்டு எண்ணிலும் விரல் வைத்துப் பார்த்தார்.

“கல்லறைக் கல்லுல பூராம் பூவத்தானம்மா வெட்டி வச்சிருக்கு,” என்றார். “உங்கம்மா ஒப்புனா மாத்தி அடி.”

அம்மாவுக்கு அந்தப் பதிலை நோட்டிலிருந்து வாசித்துக் காட்டினேன். இப்போதாவது அழுவாள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அந்தக் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

“ஐயாவுக்கே தெரியலையாக்கும்?”

“ஆமாம்மா.”

“அப்ப எம்புள்ள எதுக்குட்டி செத்தா?”

பதினோரு பேர் என்று சொல்லியிருக்கலாம். நாற்பது நாளாக அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன், கம்பெனி வாசலிலும் தாலுகா ஆபீஸிலும். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. அவள் கேட்டதற்கு ஊர் வைத்திருந்த ஒற்றை வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பஸ்ஸுக்குச் சொல்கிற வார்த்தை. விழுங்கினேன்.

 அம்மா நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

“பளசு மாதிரியே அடிச்சுரு தாயி.”

மறுநாள் பிரஸ்ஸில் பதினாலுக்குக் கீழே பூவை அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்.