யார் வீட்டு ஆள்?

ஜனங்களை எண்ண ராஜாவின் படைத்தலைவர்கள் வந்து யாப்போக்கு ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துவிட்டார்கள் என்றதும் ஊரில் பாதிப் பேருக்கு முகம் செத்துவிட்டது. மனிதர்களை ஆடுமாடு போல எண்ணினால் கர்த்தர் பொறுக்கமாட்டார், கொள்ளைநோய் வரும் என்பது காத் கோத்திரத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இத்ரானுக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை. உட்கார்ந்து வாளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"ஊரே பயந்து கெடக்கு. நீங்க என்னமோ கல்யாணத்துக்குப் போற மாதிரி கெளம்புறீங்க," என்றாள் அவன் மனைவி சேராள்.

"கல்யாணந்தான்டி. வாள் எடுக்கிற வயசு வந்தவன் எல்லாம் அவனவன் தகப்பன் வீட்டோட நிக்கணுமாம். நானும் உங்க அண்ணன் பக்கத்துல நிப்பேன். அப்புறம் எவனாவது என்னை ஆராமியன் மவன்னு சொல்லட்டும், பாத்துக்கறேன்."

இத்ரானின் அப்பா பஞ்சகாலத்தில் ஆராம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இத்ரான் பிறந்தது இந்த ஊரில்; இந்த ஜனத்தின் அடையாளமான விருத்தசேதனம் ஆனதும் இங்கேதான். ஆனாலும் வேற்றாள் என்ற பேர் போகவில்லை. அம்மோனியர் வந்து மந்தைகளை ஓட்டிக்கொண்டுபோன வருஷம், தொடையில் அம்பு தைத்து விழுந்த மல்கியேலை விட்டுவிட்டு எல்லோரும் ஓடியபோது, அவனை முதுகில் போட்டு மலையேற்றிக் கொண்டுவந்தவன் இத்ரான். மல்கியேல் தன் வம்சத்துக்குத் தலைவன். காய்ச்சல் தெளிந்ததும் தங்கை சேராளை இவனுக்குக் கட்டிக்கொடுத்தான். பிள்ளையில்லாமல் செத்துப்போன தம்பியின் கோதுமை வயலையும் உழச் சொன்னான். "நீ எங்க வீட்டு ஆளு மாப்ள" என்று விருந்துகளில் தோளில் கைபோட்டுச் சொல்லுவான்.

மறுநாள் ஊர்வாசலில் எண்ணிக்கை நடந்தது. வம்சத் தலைவன் தன் ஆட்களை நிறுத்தி, "இவன் என் தகப்பன் வீட்டான்" என்று சொல்ல வேண்டும். தலைவனின் வாய்ச்சொல்தான் சாட்சி. மல்கியேல் தன் இரண்டு மகன்களைக் காட்டினான். சித்தப்பா பிள்ளைகளைக் காட்டினான். கடைசியில் நின்றவன் இத்ரான்.

"இவன் யாரு?" என்றான் படைத்தலைவன்.

மல்கியேல் தாடியைத் தடவினான். "இவனா? பரதேசிங்க. எங்க நெழல்ல ஒண்டியிருக்கான்."

இத்ரான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேவிட்டான். "மச்சான், வெயில்ல நிக்கவெச்சுக் கேலி பண்ணாதீங்க. சொல்லுங்க."

மல்கியேல் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"பரதேசின்னா அந்தப் பக்கம் போ," என்றான் படைத்தலைவன். "ராஜாவுக்குக் கல் வெட்ட ஆள் வேணும்."

பெண்கள் கூட்டத்திலிருந்து சேராள் பாய்ந்து வந்தாள். "அண்ணே! ஒன் தொடையைத் தொட்டுப் பாத்துட்டுப் பேசு. ஒன்னைச் சொமந்தது யாரு?"

"வீட்டுக்குப் போ சேராள். இது ஆம்பளைங்க காரியம்."

"ஆம்பளை ஒருத்தன்தான் தெரியுறான் எனக்கு. அவனைத்தான் அந்தப் பக்கம் தள்ளிட்டியே!"

மல்கியேல் இத்ரானை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினான். "தப்பா எடுத்துக்காத மாப்ள. எங்க வீட்டோட ஒன்னை எண்ணிட்டா, நாளைக்கு அந்த வயல் ஒன் புள்ளைங்களுக்குப் பாத்தியதை ஆயிடும். என் பசங்க சும்மா இருப்பானுங்களா? அது எங்கப்பன் பூமி பாரு." ஆட்டுக்கு விலை பேசுகிறவனின் குரல் அது.

இத்ரானின் இடுப்பு வாளை ஒரு சேவகன் அவிழ்த்துக்கொண்டான். மற்றப் பரதேசிகளோடு அவனையும் கல்மலைக்கு ஓட்டிக்கொண்டுபோனார்கள்.

கல்மலையில் சம்மட்டி அடித்துக் கை காய்ப்பேறியது. அதை அவன் பொருட்படுத்தவில்லை. எண்ணிக்கைக்கு முந்தின சாயங்காலம் மல்கியேல் ஒரு ஆட்டுத்தொடை கொடுத்தனுப்பியிருந்தான். இத்ரான் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அண்ணன் கை தாராளம் என்று சேராளிடம் மெச்சியிருந்தான். அதை அனுப்பும்போதே மல்கியேல் மனசில் தீர்மானித்திருப்பானா? இந்தக் கேள்விதான் இத்ரானைத் தூங்கவிடாமல் அறுத்தது.

கோதுமை அறுப்புச் சமயத்தில் கொள்ளைநோய் வந்தது. வடக்கே தாணிலிருந்து தெற்கே பெயெர்செபா வரைக்கும் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அது ஓய்ந்த பிறகு, கிழிந்த அங்கியும் தலையில் சாம்பலுமாக மல்கியேல் கல்மலைக்கு வந்து நின்றான்.

"ரெண்டு பசங்களும் போயிட்டானுங்க மாப்ள. காலையில ஒருத்தன். பொழுது சாயறதுக்குள்ள அடுத்தவன்."

"சேராள்?"

"இருக்கா. ஒன் புள்ளைங்களும் இருக்கு."

இத்ரான் அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டான். கண்காணி வந்து, "இவன் ஒனக்கு யாருய்யா?" என்று மல்கியேலைக் கேட்டான்.

"என் தகப்பன் வீட்டான்," என்றான் மல்கியேல், மூச்சு விடுகிற மாதிரி சுளுவாக.

"அப்போ ஏன் பரதேசிங்களோட வந்தான்?"

"தவறிப்போச்சுங்க."

கோத்திரத்தான் என்றால் கல்மலையில் வைக்க முடியாது, கண்காணி விட்டுவிட்டான். இத்ரானுக்கோ ஊர்வாசலில் பட்டதைவிட இப்போதுதான் பலமாக அடிபட்டது. இவ்வளவு லேசான சொல்லா அது? இதைச் சொல்லவா அன்றைக்கு வாய் வரவில்லை?

வழியில் மல்கியேல் பேசிக்கொண்டே வந்தான். "வயலு ஒனக்குத்தான். ஊரைக் கூட்டிச் சொல்றேன். எனக்கப்புறம் என் வீட்டுக்குப் பேர் சொல்ல ஆள் வேணும்ல?"

"பசங்க இருந்திருந்தா என்னைத் தேடி வந்திருப்பீங்களா மச்சான்?"

மல்கியேல் தான் கொண்டுவந்த கழுதையின் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னே நடந்தான்.

ஊருக்கு வந்ததும் இத்ரான் முதலில் அந்தப் பையன்களின் கல்லறைக்குப் போனான். இருவருக்கும் கவண் வீசக் கற்றுக்கொடுத்தவன் அவன். அழுகை வந்தது, அழுதான். பிறகு சேராளோடு சேர்ந்து வயலை அறுத்தான். கட்டுகளை ஒன்று விடாமல் மல்கியேலின் களத்தில் கொண்டுபோய் இறக்கினான்.

"போயிடலாமா?" என்று சேராளிடம் கேட்டான்.

"எங்க?"

"தெரியல. அங்கயும் நாம பரதேசிதான். ஆனா எவனும் எங்க வீட்டு ஆளுன்னு தோள்ல கைபோட மாட்டான்."

சேராள் மாவு பிசைகிற தொட்டியைத் துணியில் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

ஊர்வாசலில் மல்கியேல் தனியாக உட்கார்ந்திருந்தான். மூட்டைகளையும் பிள்ளைகளையும் பார்த்ததும் எழுந்துவிட்டான். "மாப்ள..." என்று கையை நீட்டினான். சேராள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னே நடந்தாள்.

இத்ரான் ஒரு கணம் நின்றான். வழிப்போக்கன் ஊர்ப் பெரியவருக்குச் சொல்வது போல, "சமாதானத்தோட இருங்க ஐயா," என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டினான்.