டீச்சரின் பங்கு உப்பு

லிஃப்டுக்காரர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தன்னுடைய கேப்ஸ்யூலைத் திருகிப் பிரித்து, உள்ளே இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு ருசியும் இல்லை, வெறும் மாவு. பிறகு டீச்சரின் கிண்ணத்திலிருந்து எடுத்து வந்ததைத் திருகினார். உப்பு. பல நாளாக உப்பைக் காணாத நாக்கு ஒரேயடியாகச் சிலிர்த்தது, கண்ணில் நீர் தளும்பிவிட்டது. இப்படிச் செய்யக் கூடாது என்று சேரும்போதே எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்த கை அவருடையது. மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காவிட்டால் அந்தக் கைக்குத் தூக்கம் வராது.

அது மருத்துவமனையின் உச்சி மாடியில் இருந்த ஆராய்ச்சி வார்டு. பல இனத்து ஆட்களைக் கூட்டி வந்து தங்க வைத்திருந்தார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இங்கே அந்தக் குப்பையைத் தட்டில் மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும். உப்பு தனியாக, கேப்ஸ்யூலாக வரும். ஒரு வாரம் உப்பு, ஒரு வாரம் மாவு. எது எந்த வாரம் என்பது கொண்டு வந்து கொடுக்கிற சிஸ்டருக்கும் தெரியாது. காலையிலும் மாலையிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். போகிற சிறுநீரையெல்லாம் அவரவர் பெயர் ஒட்டிய கேனில் சேர்க்க வேண்டும். முதல் நாள் வெட்கப்பட்டவர்கள் எல்லாம் மறுநாளே கடைக்குப் போகிறவர்களைப் போலக் கேனும் கையுமாக நடந்தார்கள்.

"ஒரே அளவு உப்பைத்தான் ரெண்டு பேர் சாப்பிடுறாங்க," என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "ஒருத்தர் உடம்பு அதை வந்த வழியே அனுப்பிடுது. இன்னொருத்தர் உடம்பு கருமி மாதிரி முடிஞ்சு வச்சுக்குது, தண்ணியையும் சேத்து. அங்கதான் அழுத்தம் ஏறுது. எந்த மரபணுவால அப்படி, எந்த மக்கள்கிட்ட அது ஜாஸ்தின்னு பாக்கத்தான் இதெல்லாம்." உப்பு கிடைக்காத வெயில் பூமியில், வியர்வையோடு போகிற உப்பைப் பிடித்து வைத்துக்கொண்ட உடம்புதான் ஒரு காலத்தில் பிழைத்திருக்கும், அந்தப் பழக்கம்தான் பேரப் பிள்ளைகள்வரை வருகிறதோ என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். "ஆனா அது ஒரு ஊகம்தான். ஒரே வீட்டுக்குள்ளயே ஆளுக்கு ஆள் மாறும்," என்றும் சொல்லி வைத்தார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கடலையே பார்க்காத, காய்ந்த மேட்டு நிலத்து வம்சம். அவளுடைய அம்மாவும், பிறகு அக்காவும், அவளுடைய இப்போதைய வயதில்தான் ரத்த அழுத்தம் ஏறி விழுந்தார்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. "எனக்கும் அதுதானான்னு தெரியணும். தெரிஞ்சா ஒழுங்கா இருந்துக்குவேன். அக்கா மகளுக்கும் சொல்லி வப்பேன்," என்று முதல் நாளே ஜன்னலோர மேஜையில் அவரிடம் சொல்லியிருந்தாள்.

அந்த மேஜையில் பொழுது போனதே தெரியவில்லை. உப்பில்லாத நாட்களில் எல்லாமே கொஞ்சம் தள்ளி நடப்பதுபோல் இருந்தது. பேச்சுச் சத்தம், வராந்தாவில் சக்கர வண்டி போகிற சத்தம், கண்ணாடிக்கு அப்பால் மேகம் கலைவது எல்லாம் தூக்கத்துக்குள் கேட்பது போலவும் பார்ப்பது போலவும் இருந்தன. மத்தியானங்களில் டீச்சர் தன் கனவுகளைச் சொல்வாள். முகம் தெரியாத கூட்டம் ஒன்று அவளுடைய ரத்தத்துக்குள்ளேயே நடந்து போகிறதாம். ஆளுக்கு ஒரு சின்ன முடிச்சு, அவிழ்த்துக் காட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறார்களாம். கடற்கரை வம்சத்தில் வந்த லிஃப்டுக்காரருக்குக் கனவில் தண்ணீர்தான் வரும், அதைச் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருப்பார். மனைவி போய்ப் பல வருடம் கழித்து, தலை நரைத்த பிறகு, கேனும் கையுமாக ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பது என்ன கூத்து என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கூத்தோ கீத்தோ, பறிகொடுத்தாகிவிட்டது.

இரண்டாம் வாரம் தொடங்கியதும் டீச்சர் பேசாமல் ஆகிவிட்டாள். தலைவலி. கண்ணுக்குக் கீழே வீக்கம். கனவும் வரவில்லை என்றாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் குளியலறைக்குள் போனார்.

அன்றிலிருந்து கிண்ணங்கள் இடம் மாறின. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யாராவது காரைப் பின்னால் எடுத்தால் டீச்சரால் பார்க்காமல் இருக்க முடியாது. "ஸ்டீயரிங்கை ஒடி, ஒடி, இன்னும் ஒடி," என்று கண்ணாடியிடம் முணுமுணுப்பாள். அந்த நேரம் போதும் அவருக்கு. அவள் பங்கு உப்பெல்லாம் அவர் வயிற்றுக்குள் போனது, எருமை மேல் மழை பெய்ததுபோல் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் தெளிந்தாள், சிரித்தாள், கனவு சொன்னாள். அறுந்து விழ இருந்த லிஃப்டைப் பாதி வழியில் நிறுத்திவிட்டதைப் போல அவருக்குப் பெருமையாக இருந்தது.

கடைசி நாள் காலையில் டீச்சர் பையைக் கட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாரமும் அழுத்தம் ஒரே மாதிரி. நானே பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். நடுவுல வந்த தலைவலி வேற ஏதோ," என்றாள். அவருக்கு எதிரிலேயே அக்கா மகளுக்குப் போன் போட்டாள். "இனிமே உப்பைப் பாத்து பயப்படாத கண்ணு. அம்மாவுக்கு வந்தது நம்ம ரத்தத்துல இல்ல. நானும் இன்னையிலேர்ந்து வாய்க்கு ருசியா சாப்பிடப் போறேன்."

லிஃப்டுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். கேன்களின் முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இன்று மாலை இவளோடு எங்காவது தேநீர் குடிக்கப் போகலாம். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து இவளும் அக்காவைப் போல விழலாம். சொன்னாலோ, இனி முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லிவிட்டார்.

"டீச்சர், இந்த வாரம் நீங்க சாப்பிட்டது உப்பு இல்ல. உங்க கிண்ணத்தை நான் எடுத்துக்கிட்டேன். உங்களுக்குத் தலை வலிச்சுது, என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

 கீழே ஏதோ வண்டி பின்னால் வருகிற சத்தம் கேட்டது, அவள் திரும்பவில்லை.

"என் வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு," என்றாள். "நான் மிதிச்சா, மிதிச்சேன்னு ஓட்டுறவங்ககிட்ட சொல்லிடுவேன். சொல்லலன்னா, தானே நிறுத்தினதா நெனச்சுக்கிட்டு தைரியமா ரோட்டுக்குப் போயிடுவாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மறுபடியும் போனை எடுத்தாள். "கண்ணு, இப்ப சொன்னதை விட்டுடு. இன்னும் தெரியல."

விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லிஃப்டுக்காரரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். டீச்சர் அந்த வாரத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்வாங்க. தின்னவர் வீட்டுக்குப் போறாரு, நாங்க உக்காந்து குடிக்கிறோம்," என்று சிஸ்டர் சிடுசிடுத்தார்.

அவர் வீட்டுக்குப் போனார், ஆனால் மாலையானால் பார்வையாளராக வந்து நின்றார். முதல் நாள் டீச்சர் பேசவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கேப்ஸ்யூலை விழுங்கும்போது மட்டும் உள்ளங்கையை அவருக்குத் தெரியும்படி விரித்துக் காட்டிவிட்டு விழுங்கினாள். நாளுக்கு நாள் கண்ணுக்குக் கீழே வீங்கியது. பேச்சு தயங்கியது. அவர் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

கடைசி மாலை சிஸ்டர் அழுத்தம் பார்க்க வந்தபோது அவர் எழுந்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க," என்றாள் டீச்சர். "இந்தக் கை சும்மாதான இருக்கு."

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சூடாக இருந்தது, விரல்கள் தடித்திருந்தன. மறு கையில் பட்டை விம்மியது, சிஸ்டர் கருவியின் முள்ளைக் கவனித்தார். துடிப்பது அவளுடைய நாடியா தன்னுடையதா என்று அவருக்குப் புரியவில்லை. வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. பட்டையிலிருந்து காற்று மெல்ல இறங்கியது. டீச்சர் முள்ளைப் பார்க்கவில்லை, சிஸ்டரின் முகத்தையும் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே போனது.