பன்னிரண்டுக்கு ஒன்பது

அந்தக் கால ஜெர்மனியில், சாலே ஆற்றங்கரைச் சந்தையில் காசு மாற்றும் பலகைக்குப் பின்னால் மார்க்வார்ட் உட்கார்ந்து அன்றோடு எட்டு நாள். தொண்டை கட்டிப்போய்க் குரல் கரகரத்தது. வருடத்துக்கு ஒருமுறை பிரபு பழைய வெள்ளிக்காசைச் செல்லாது என்று அறிவித்துவிடுவார். பழையதில் பன்னிரண்டு கொடுத்தால் புதியதில் ஒன்பது கிடைக்கும். மீதி மூன்று பிரபுவின் பெட்டிக்குப் போய்விடும். போன வருடக் காசில் பொறித்திருந்த பிரபுவின் கையில் வாள் இருந்தது, இந்த வருடம் சாவி. மற்றபடி அதே வெள்ளி, வெங்காயச் சருகு மாதிரி அதே மெல்லிசு.

அன்றுதான் கடைசி நாள். சாயங்கால மணி அடித்தபிறகு சந்தையில் பழைய காசை யாரும் தொடக்கூடாது.

காலையில் பிரபுவின் காரியஸ்தர் குன்ட்செலின் வந்து அவனுடைய வருடக் கூலியைக் கொடுத்திருந்தார். இருபத்துநாலு காசு. எல்லாவற்றிலும் வாள்.

"ஐயா, இது பழசு."

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் செல்லும்ல? நீதான் பலகையில இருக்கியே, மாத்திக்கோ."

மார்க்வார்ட் காசுப் பையை மடியில் வைத்துக்கொண்டான். வரிசை அதற்குள் ஆற்றோர மாவு ஆலை வரைக்கும் நீண்டிருந்தது. தோல் பதனிடுகிறவன் ஒருவன் காசைப் பலகைமேல் வீசினான். சிதறியதைப் பொறுக்கக் குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

மதியத்துக்குமேல், அவன் தெருவிலேயே பீர் காய்ச்சி விற்கும் ஹாடெவிக் வந்தாள். பன்னிரண்டு காசை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவன் ஒன்பதை நகர்த்தினான்.

"இந்த மூணுல உனக்கு எத்தனைடா?"

"எனக்கு ஒண்ணும் கிடையாதுக்கா."

"பொய் சொல்லாதே. உன் பொண்டாட்டி கம்பளிச் சால்வை எங்க காசுதானே."

அது மனைவியின் அம்மா வீட்டுச் சால்வை என்று சொல்ல வாயெடுத்தான். எட்டு நாளாக இப்படி எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? மடியிலிருந்த பையை அவிழ்த்து அவள் முன்னாலேயே கொட்டினான்.

"என் வருஷக்கூலிக்கா. எண்ணிப் பாத்துக்கோ."

இருபத்துநாலையும் பெட்டிக்குள் தள்ளினான். புதியதில் பதினெட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஹாடெவிக் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உன்னையுமாடா? அவங்க பலகையில உக்காந்திருக்கிற உன்னையுமா?"

வரிசையில் இருந்தவர்கள் என்னவென்று கேட்க, அவளே சொன்னாள். சிலர் சிரித்தார்கள். அதன்பிறகு வந்த யாரும் அவனைத் திட்டவில்லை. ஒரு கிழவன் மட்டும், "பாவம்" என்றான். திட்டு வாங்கியதைவிட அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

மணி அடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்ட்செலினிடம் போனான்.

"கணக்கு சரியா இருக்கு. அடுத்த வருஷமும் நீயே உக்காந்துடு."

"கூலியைப் புதுக் காசாக் குடுப்பீங்களா?"

"உனக்குன்னு தனிச் சட்டம் போடச் சொல்றியா பிரபுவை?"

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கங்க ஐயா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் அவனுக்குத் தெம்பில்லை. குன்ட்செலின் தலையைக்கூட நிமிர்த்தாமல், "சரி, வெளியில ரெண்டு பேர் கேட்டுட்டுத்தான் இருக்காங்க" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹாடெவிக்கின் கடைக்குள் நுழைந்து பெஞ்சில் சாய்ந்தான். வேலையை விட்டதைச் சொன்னான்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?"

"தெரியலக்கா."

"ஆத்துலேர்ந்து தண்ணி தூக்க எனக்கு ஒரு ஆள் வேணும். கூலி பாதி ரொட்டியா, பாதி பீரா. அதுல யாரும் படத்தை மாத்த முடியாது."

குவளையை நிரப்பிக்கொண்டு அவள் திரும்பியபோது மார்க்வார்ட் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தான். அவள் குவளையைத் தூக்கத்தில் தட்டிவிடாதபடி அவன் கைபடாத தூரத்தில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள்.